பாதியில் நின்ற எடிட்டர்

சனிக்கிழமை என்றால் கடையில் நாலு பேர். முதலாளி அண்ணாச்சி, தெருவைப் பார்த்துப் போட்ட நாற்காலியில். புரூப் பார்க்கும் அக்கா, ஜன்னலோரம். பசுவந்தனைக்காரர், கம்ப்யூட்டர் முன்னால். அவர் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்க்கிறவர். சனிக்கிழமை மட்டும் பசுவந்தனையிலிருந்து வருவார். அவருக்குப் பின்னால் நான், நின்றபடி.

எனக்குப் படிப்பு எட்டாவது. ஒன்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக்கு மருந்து கலக்கினேன். இருமல் நிற்காமல் போனபிறகு தமிழ் டைப் படித்துக்கொண்டு இந்த டி.டி.பி. கடைக்கு வந்தேன்.

கடை கம்ப்யூட்டர் வைரஸ் வந்து மூன்று முறை படுத்துவிட்டது. அதனால் பசுவந்தனைக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். மெஷின் எழுந்துவிட்டது. ஆனால் அதோடு வந்த எடிட்டரில் தமிழ் சரியாக நிற்கவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. புதிய பதிப்பில் அதைச் சரி செய்திருக்கிறார்களாம். அது செய்துவைத்த பண்டமாகக் கிடைக்காது. அதை எழுதியவர்கள் எழுதினபடியே எல்லோருக்கும் பொதுவாக விட்டிருக்கிறார்கள், சிடியில் கொண்டுவருகிறேன், நம் மெஷினிலேயே நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்.

இடைசெவல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு மலர் வேலை அப்போது வந்திருந்தது. கையெழுத்துத் தாள் ஒரு முழ உயரம். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“பங்குனி பிறக்குததுக்குள்ள இதுல தமிழ் வரணும்வே. வரலேன்னா மதுரையில கொடுத்து அடிச்சு வாங்கிருவேன். அப்புறம் ஒமக்கு இங்கன சோலி இல்ல. பழைய ஆபீஸைப் பாத்துக்கிடும்.”

பழைய ஆபீஸ் என்றால் மருந்து. சரி என்றேன்.

முதலில் கான்ஃபிகர் என்று அடிக்க வேண்டும். தேவையான சாமான் எல்லாம் மெஷினில் இருக்கிறதா என்று அது பார்க்கும். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இன்னது இல்லை என்று ஒரு பெயரைச் சொல்லி நின்றது. அந்தச் சாமானை அடுத்த சனிக்கிழமை அவர் கொண்டுவந்து போட்டார். மறுபடி கான்ஃபிகர். வேறொன்று இல்லை என்றது. இல்லாததை எல்லாம் ஒரேயடியாகச் சொன்னால் என்ன? சொல்லாது. வாரத்துக்கு ஒன்று. நடுவில் ஒரு சனி மழை; கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வரும் அவர் பைக் காட்டுப்பாதையிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸையும் பிடிக்க முடியவில்லை. தை மாதம் இப்படியே போயிற்று.

கடைசியில் ஒரு சனி சாயங்காலம் கான்ஃபிகர் வாயை மூடியது. இனி மேக் என்று அடித்துவிட்டுக் காத்திருந்தால் போதும், அதுவே எடிட்டரைக் கட்டிவிடும், முடிந்ததும் மேக் இன்ஸ்டால் என்றார் பசுவந்தனைக்காரர். நாலு வரியைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

திங்கள் காலை ஒன்பதுக்கு மேக் அடித்தேன். திரையில் வரிகள் ஓடின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடினால் சரி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கடை அடைக்க அண்ணாச்சி எழுந்து மெயின் சுவிட்சை இறக்கினார்.

அவருக்கு அது பழக்கம். தீப்பெட்டி ஆபீஸ் குடும்பம். ஆள் வெளியே போனால் மெயின் இறங்க வேண்டும். யூ.பி.எஸ். கத்தியது. அதையும் அமர்த்தினார். ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

“ஆளில்லாத இடத்துல கரண்டு இருக்கப்பிடாதுவே. நம்ம ஊரு எந்த ஊருன்னு ஒமக்குத் தெரியாதா?”

தெரியும். தீப்பெட்டி ஊர்; ஒரு பொறி போதும்.

மூன்று மணிக்குக் கடை திறந்ததும் பாதி கட்டிய எடிட்டர் இருந்த கோப்புறையை முழுக்க அழித்தேன். சிடியிலிருந்து புதிதாகப் பிரித்தேன். கான்ஃபிகர். மேக். எட்டு மணிக்குக் கடை அடைக்கும்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. மெயின் இறங்கியது.

மறுநாள் மறுபடி அழித்தேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அண்ணாச்சிக்கே மனசு இளகி, வீட்டிலிருந்து சோற்றை வரவழைத்துக் கடையிலேயே உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு மணிக்குக் கரண்டு தானாகப் போயிற்று. சாயங்காலம்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அக்கா தினமும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். “என்ன, ஒல இன்னும் கொதிக்கலியா?” அவளுக்குப் படிக்கப் பக்கம் இல்லை. எனக்கு அடிக்க எடிட்டர் இல்லை. தாள்கட்டு அப்படியே இருந்தது. அடுத்த சனி பசுவந்தனைக்காரருக்கு லேபில் பரீட்சை. வரவில்லை. அவர் வீட்டில் போனும் கிடையாது.

மாசி கடைசிச் சனி வந்துவிட்டது. காலையில் மேக் அடித்தேன். ஒரு மணிக்கு வழக்கம்போல மெயின். மூன்று மணிக்கு மெஷினைப் போட்டு அழிக்கப் போகும்போது பசுவந்தனைக்காரர் உள்ளே வந்தார். என் கையைப் பிடித்துவிட்டார்.

“எதுக்குண்ணே அழிக்கீங்க?”

“பாதியில நின்னு போச்சுல்லா.”

“நின்னா என்ன? திரும்ப மேக் அடிச்சா விட்ட எடத்துலேருந்து போகுமே.”

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

“ஒவ்வொரு தடவையும் அழிச்சீங்களா?”

ஆமாம் என்றேன். மருந்து அப்படித்தான் என்றேன். கலக்கும்போது பாதியில் கை நின்றால் பசை இறுகிவிடும். இறுகினதை மறுபடி கிண்டினால் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் குழியில் கொட்டிவிட்டு, புதுச் சட்டியில் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது வருஷமும் அதைத்தான் செய்தேன்.

அவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். அண்ணாச்சி அடக்கவில்லை. “நானும் அப்படித்தான்வே கொட்டிருப்பேன்,” என்றார்.

பசுவந்தனைக்காரர் மேக் என்று அடித்தார். வரிகள் நடுவிலிருந்து கிளம்பின. ஐந்து மணிக்குள் நின்றது. இந்த முறை முடிந்து நின்றது. மேக் இன்ஸ்டால் என்று நானே அடித்தேன். எடிட்டர் திறந்தது. தாள்கட்டில் முதல் வரியை எடுத்து அடித்தேன். அக்கா எழுந்துவந்து திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தாள்.

“கொம்பு முன்னாலதான் நிக்கி,” என்றாள்.

அண்ணாச்சி தாள்கட்டைத் தூக்கி என் மேஜையில் வைத்தார். மதுரைப் பேச்சை எடுக்கவில்லை.

மருந்து ரூமில் ஒவ்வொரு சட்டி ஆரம்பிக்கும்போதும் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போடுவோம். அந்தப் பழக்கத்தில் மேஜைப் பக்கச் சுவரில் ஒவ்வொரு மேக்குக்கும் கோடு போட்டிருந்தேன். ஈரத்துணி எடுத்துத் துடைக்கப் போனேன். துடைக்கும் முன்னால் எண்ணிப் பார்த்தேன்.

இருபத்திரண்டு.