கொடுத்த மாத்திரை திரும்பப் பெறப்படாது

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே 'போய் வேலையைப் பாருங்கப்பா' என்று விரட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். போன வருஷம் ஆடி கடைசி வெள்ளி முடிந்து வந்த திங்கட்கிழமை, மத்தியானம் 12.05 முதல் 12.44 வரை.

என் பெயர் கற்பகவல்லி. ஊர் விருதுநகர். மருந்தியலில் ஃபார்ம் டி முடித்துவிட்டு, சிவகாசி போகிற ரோட்டில் ஒரு மனநல மருத்துவமனையில் ஒரு வருஷ ரெசிடென்சி பயிற்சியில் இருந்தேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். மருந்தாளுநர் என்றால் மாத்திரையை எண்ணிக் கவரில் போடுகிறவள் என்றுதான் என் வீட்டிலேயே நினைத்தார்கள். அது இல்லை என் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொரு நோயாளியும் என்ன மாத்திரை, எத்தனை எம்ஜி, கடைசியாக எப்போது விழுங்கினார் என்று வீட்டு ஆட்களிடம் கேட்டு எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும். அதை நம்பித்தான் வார்டில் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பார்கள்.

அங்கே பாண்டிச்செல்வம் என்று ஒரு பையன் இருந்தான். இருபத்தாறு வயது. காதில் யாரோ பேசுகிற மாதிரி கேட்கிற நோய். எந்த மருந்துக்கும் அடங்காமல், கடைசியில் குளோசபின் என்ற மாத்திரைக்குத்தான் அடங்கியது. அந்த மாத்திரையில் ஒரு விஷயம் உண்டு. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கவே கூடாது. உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மறுபடி துளியூண்டு அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். முழு அளவு கொடுத்தால் பிரஷர் சரசரவென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்.

அவனுடைய அம்மா செல்லத்தாய். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. மே மாதம் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுக்க மறந்துவிட்டார். அதை அவராகவே வந்து சொன்னார். நான் விட்டேனா? வராந்தாவில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "பெத்த பிள்ளைக்கு ஒரு மாத்திரை குடுக்க நேரமில்லையா? நீங்கல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கு அன்றைக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போக பாண்டிச்செல்வத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டார்கள். நான்தான் வெள்ளி, சனி, ஞாயிறு என்று எழுதி, மூன்று கவர்களில் மாத்திரை போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை 7.50. அட்மிஷன் மேஜையில் நான். எதிரே அம்மாவும் மகனும். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தீபாவளி சீசன் அல்லவா, ஒரு நாள்கூட நிற்க விடமாட்டார்கள்.

"மூணு நாளும் மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?"

"குடுத்தேன் டாக்டரம்மா."

"ஒரு வேளைகூட விடலையே?"

"இல்ல தாயி... குடுத்துட்டேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. காலிக் கவர்களைக் காட்டச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். நான் கேட்கவில்லை. 'பழைய அளவைத் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியச் சாப்பாடு முடிந்ததும், 12.45க்கு, முழு அளவு.

மருந்தகக் கவுன்ட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒருவர் கண்ணாடியை உடைத்ததால், பலகை அடித்து மூடிவிட்டார்கள். கீழே கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வெளியே நிற்பவர் முகம் தெரியாது. கையும் சீட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவோம். அன்றைக்குக் கரண்டும் இல்லை. வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே நான் மட்டும்.

12.05.

டக்... டக்... டக்...

ஓட்டையில் ஒரு கை. பெண் கை. விரல்களுக்கு நடுவே பேப்பர் கவர்கள்.

தினமும் வருகிற தொல்லைதான். மீந்த மாத்திரையை நீட்டிக் காசு கேட்பார்கள். நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து சரியாக நிமிரக்கூட இல்லை.

"குடுத்த மாத்திரையத் திருப்பி எடுக்க மாட்டோம். போர்டு போட்டிருக்குல்ல? ரெண்டு மணிக்கு வாங்க."

கை மெதுவாகப் பின்வாங்கியது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

12.25.

டக். டக். டக். இந்தத் தடவை வேகமாக.

அதே கை. அதே கவர்கள். விரலெல்லாம் பளபளவென்று அலுமினியப் பொடி. இந்தப் பக்கம் பாதிப் பேர் கை அப்படித்தான் இருக்கும். கந்தக வாடையும் புதிதில்லை. ஆனால் கூடவே முடி கருகுகிற வாடை வந்தது...

"யாருங்க அது? வாயத் தெறந்து சொன்னாத்தானே தெரியும்?"

கை கவர்களை இன்னும் உள்ளே நீட்டியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்கேலை எடுத்து அந்தக் கவர்களை வெளியே தள்ளினேன். ஸ்கேல் அந்த விரலில் பட்டது.

பிளாஸ்டிக் ஸ்கேல். நுனி இளகி வளைந்துவிட்டது.

வெயிலில் கிடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12.41.

டக்டக்டக்டக்டக்...

இரண்டு கைகள்.

முழங்கை வரை உள்ளே வந்தன.

முழங்கையைத் தாண்டியும் வந்தன...

பலகைக்கும் என் மேஜைக்கும் நாலடி தூரம்.

கைகள் என் மேஜையைத் தொட்டன.

கவர்களை ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தன.

வெள்ளி.

சனி.

ஞாயிறு.

என் கையெழுத்து. நான் அடித்த ஸ்டேப்ளர் பின். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அய்யோ...

பக்கக் கதவைத் திறந்தேன். வராந்தாவில் ஆளே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கைகளும் இல்லை. கவர்கள் மட்டும் இருந்தன.

12.44.

ஓடினேன். ஆண்கள் வார்டு பின்கட்டில். செருப்பு கழன்று எங்கோ போனது. "அக்கா, பாண்டிச்செல்வத்துக்குக் குடுக்காதீங்க! குடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வார்டு நர்ஸ் பத்திரகாளி அக்கா காலி டம்ளரோடு நின்றார்.

"இந்தா, இப்பத்தான முழுங்குனான். வாயத் தெறக்கச் சொல்லிப் பாத்துட்டேன்."

12.47.

டாக்டர் ஓடி வந்தார். ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். 1.20க்குப் பாண்டிச்செல்வம், "அக்கா, கண்ணு இருட்டுது" என்றான். கடைசியாக அவன் பேசியது அதுதான். விருதுநகர் போகிற வழியில், 2.35க்கு, போய்விட்டான்.

12.05க்கே அந்தக் கவரை நான் கையில் வாங்கியிருக்கலாம். முழுசாக நாற்பது நிமிஷம் இருந்தது. என் வாய்க்கொழுப்பு ஒரு உயிரைக் குடித்துவிட்டது, வேறென்ன சொல்ல?

சாயங்காலம் 5.30க்கு அவன் தங்கை அழகுமீனா வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா எங்க? மத்தியானம் இங்கதான் இருந்தாங்க," என்றேன்.

வெறித்துப் பார்த்தாள்.

"அம்மா செத்துப்போச்சுக்கா. கம்பெனில ரூம் வெடிச்சிருச்சு. பதினொன்னு நாப்பத்திரெண்டுக்கு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவளே தொடர்ந்து சொன்னாள்.

"மூணு நாளும் அண்ணனுக்கு மாத்திரை குடுக்கலக்கா. காப்புக் கட்டுன ஒடம்புல மாத்திரை போகக்கூடாதுன்னு சித்தப்பா சொல்லிட்டாக. வீட்டுல ஆரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு கவர வயர்கூடைக்குள்ள போட்டுக் கம்பெனிக்கே கொண்டு போச்சு. பதினொன்றரைக்கு வாட்ச்மேன் போன்லருந்து எனக்குப் பேசுச்சு. 'டாக்டரம்மா திட்டுவாகன்னு பொய் சொல்லிட்டேன், மனசு கெடந்து அடிக்கி. போன்ல சொன்னாக் கத்துவாக. நேர்ல போயிக் கால்ல விழுந்துருதேன்'னுச்சு. பெர்மிசன் கேட்டதுக்கு, லோடு போகணும், ரெண்டு மணிக்குப் போன்னுட்டாகளாம்."

"இல்ல மீனா... பன்னெண்டு மணிக்கு மேல வந்தாங்க. கவரை நீட்டினாங்க. கையைப் பார்த்தேன்."

"எந்தக் கை?"

"ரெண்டு கையும்."

அழகுமீனா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானத்துலருந்து அதத்தான்க்கா அங்கன எல்லாரும் தேடிக்கிட்டு இருக்காக. அம்மாவுக்கு ரெண்டு கையும் இல்ல."

மறுநாள் தாயையும் மகனையும் ஒன்றாக எடுத்தார்கள். செல்லத்தாயின் கைகள் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.