மருதாயிக்குக் கட்டிய காப்பு

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று நர்சம்மா தினமும் கேட்பார். ஆயா முத்துப்பேச்சி அதற்கும் பதில் சொல்லமாட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். போடியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம். டாக்டர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஆபரேஷனுக்கென்று மதுரையிலிருந்து பெரிய டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். பல புதன்கிழமைகளில் கத்தியைத் தொடாமலே திரும்பிப் போவார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். வாந்தி வந்து மூச்சை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நம் சனங்களோ வெளியூர் போகிறவரையே பசியோடு அனுப்பமாட்டார்கள். கத்திக்கா அனுப்புவார்கள்?

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்திலிருந்து டோலியில் வந்த மருதாயிக்கு அப்படித்தான் இரண்டு தடவை ஆபரேஷன் நின்றது. வயிற்றுக் கட்டியால் எட்டு மாதக் கர்ப்பிணிபோல் இருந்தாள். முதல் புதன் இட்லி. இரண்டாம் புதன் கருப்பட்டிக் காப்பி.

"சத்தியமா அவ திங்கலைம்மா. குடிக்கத்தானே செஞ்சா!" என்றான் புருஷன் வீரையா.

அடுத்த புதனும் இப்படியென்றால் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று பெரிய டாக்டர் கோபமாகச் சொல்லிவிட்டார்.

"மதுரையில நமக்கு யாரு இருக்கா? மலைக்கே திரும்பிருவோம் புள்ள" என்று வீரையா சொன்னது, தரை துடைத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் காதில் விழுந்தது. மலைக்குத் திரும்பினால் மருதாயி பிழைக்கமாட்டாள்.

அந்த வாரம் வார்டுக்கு ஒருத்தி, காப்புக் கட்டிய கையோடு யாரையோ பார்க்க வந்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். விரதக்காரி என்று அவளிடம் ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் நீட்டவில்லை. முத்துப்பேச்சி அதைக் கவனித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மஞ்சள் கிழங்கு முடிந்த நூலோடு மருதாயியிடம் போனாள்.

"மாரியாத்தாளுக்கு நேந்து கட்டுறேன். நாளைக்கு டாக்டரு சோலி முடியுற வரைக்கும் பச்சத்தண்ணி கூடாது."

மருதாயி கையை நீட்டினாள். கட்டி முடித்து, முத்துப்பேச்சி வீரையாவிடம் திரும்பினாள்.

"எனக்கு எதுக்கு தங்கச்சி? நானா படுக்கப் போறேன்?"

"ஊட்டுற கை உங்க கைதானே அண்ணே!"

வார்டே சிரித்தது. வீரையா தலையைச் சொறிந்துகொண்டு கையைக் கொடுத்தான்.

விடிந்ததும் சொந்தக்காரி பொன்னுமணி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். "ஒரு மடக்குக் குடி ஆத்தா, தெம்பு வேணும்ல."

"வெரசா எடுத்துட்டுப் போ! காப்புக் கட்டியிருக்கு, கண்ணு தெரியலையா?" என்று வீரையாவே விரட்டினான். கஞ்சி வாசத்துக்கு அவன் வயிறுதான் இரைந்தது.

ஆபரேஷன் அறையில் பெரிய டாக்டர் மருதாயியின் மணிக்கட்டைப் பார்த்தார். "என்ன நூல் இது? அறுங்க. யார் கட்டினது?"

நர்சம்மா முத்துப்பேச்சியைப் பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான்யா. அறுக்காதீங்க. நீங்க சொன்னா கேக்க மாட்டாக, ஆத்தாளுக்குன்னா கேப்பாக. இன்னிக்கு இவ வயித்துல ஒண்ணும் இல்ல."

"புருஷன் எதுவும் கொடுக்கலையா?"

"அவருக்கும் கட்டிட்டேன்யா."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நூல்மேல் சுத்தமான துணியைச் சுற்றச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

பரங்கிக்காய்ப் பருமனுக்குக் கட்டி வந்தது. மருதாயி பிழைத்தாள். மறு புதன் அவள் எழுந்து உட்கார்ந்து, இன்னொரு கரண்டி சோறு கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்று பேருக்கு ஆபரேஷன், மூன்றும் நடந்தன. சாயங்கால ரயிலைத் தவறவிட்ட பெரிய டாக்டர் வராந்தாவில் முத்துப்பேச்சியை நிறுத்தினார்.

"அடுத்த வாரம் ரெண்டு பேருக்கு மட்டும் கட்டும்மா."

"அஞ்சு பேரு கேட்டுட்டாகய்யா" என்றாள் முத்துப்பேச்சி. "நீங்க வெள்ளனமே வந்துருங்க."