கேள்விக்குறிகளாய் வந்த கடைசி வரி

இதை எழுதலாமா என்று பல வருடங்களாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். அதிகம் படித்தவன் இல்லை நான். ஆனாலும் எழுத்து வராதே என்ற கூச்சத்தைவிட, எழுதும்போது இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுவேனோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இருக்கன்குடி ஆத்தாளை மனதில் நிறுத்தி, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆர்டர் பார்க்கிற வேலை எனக்கு. அழைப்பிதழுக்கான வாசகத்தை எங்கள் இணையதளத்தில் வாடிக்கையாளர்களே அடித்து அனுப்புவார்கள். எங்கள் தெரு மதினியும் மகளின் காதுகுத்துக்கு அப்படித்தான் அனுப்பினார். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலை. அன்று போனில் பேசியது இன்னும் காதில் நிற்கிறது.

“உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்க எனக்கு எவன் லீவு தாரான், கொழுந்தனாரே? சீசன் நேரம். செல்லுலயே அடிச்சு அனுப்பிட்டேன். கடைசி வரி பாப்பாவுக்கு நானா எழுதுனது. சொதப்புனீகன்னா விருந்துல உங்களுக்கு இலை கிடையாது, ஆமா.”

மறுநாள் அவர் வேலை பார்த்த அறை வெடித்தது. மதினி வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் வீட்டுக்காரர், எங்கள் அண்ணாச்சி, அச்சகத்துக்கு வந்தார். “பத்திரிகை வேண்டாம்ப்பா. அந்தக் கடைசி வரியை மட்டும் காட்டு. எங்கிட்டகூடச் சொல்லல, அச்சுல பாத்துக்கிடுங்கன்னுட்டா.”

கணினியைத் திறந்தேன். மதினியின் பெயரும் ஊரும் புரியாத எழுத்துகளாகக் கிடந்தன. கடைசி வரியில் வெறும் கேள்விக்குறிகள். மதினி அனுப்பியது, தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றிய வாரத்தில். அதை அமைத்துத் தந்த தம்பியை வரவழைத்தேன். அவர் உட்கார்ந்து ஏதேதோ மாற்றினார். திரையில் மதினியின் பெயர் தமிழில் எழுந்து வந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

அதன்பின் தம்பியின் கை நின்றது. “அந்த எழுத்தெல்லாம் உருமாறித்தான் கிடந்துச்சு அண்ணாச்சி, திருப்பிட்டேன். இந்த வரி அப்படி இல்ல, தனிக் கட்டத்துல அடிச்சது. உள்ள வாங்கும்போதே எழுத்தை விட்டுட்டு கேள்விக்குறியை எழுதி வெச்சிருச்சு. வேற நகலும் இல்ல. திருப்ப ஒண்ணுமே இல்ல.”

சொற்களுக்கு நடுவே மதினி விட்ட இடைவெளிகள் மட்டும் அப்படியே இருந்தன. முடிவில் ஓர் ஆச்சரியக்குறி. அண்ணாச்சி திரையில் விரல் வைத்து, உதட்டை அசைத்து, குறிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தார். ஒன்று பொருந்தும், அடுத்தது பொருந்தாது. எனக்குத் தாங்கவில்லை.

“பொருத்தமா ஒரு வரி நான் எழுதித் தாரேன் அண்ணாச்சி. அம்மா எழுதுனதுன்னு பாப்பா நம்பிக்கிடும்.”

அவர் திரும்பாமலே சொன்னார். “வேண்டாம்லே. அவ சொல்லாததை அவ வாயில வெக்காத. இருக்கிறதை அப்படியே அடிச்சுக் குடு.”

அடித்துக் கொடுத்தேன். அந்தத் தாள் இன்றும் அவர்கள் வீட்டில் மதினியின் படத்தடியில் இருக்கிறது. பாப்பா கல்லூரிக்குப் போகிறாள். போன மாதம்கூடக் கேட்டாள்: “என்ன எழுதிருப்பாக சித்தப்பா?” சாமி கும்பிடக் கண்ணை மூடினாலும் அந்தக் குறிகள்தான் எனக்கு வரிசையாக வந்து நிற்கின்றன. வாய் நுனிவரை எத்தனையோ வரிகள் வருகின்றன, விழுங்கிவிடுகிறேன். “தெரியலம்மா” என்றேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அந்த வரியில் என்ன இருந்தது என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். தெரியாது என்றே சொல்லுங்கள்.