தாடைக்குக் கீழே இருந்த கறுப்பு

மைக்காரி என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். போட்டோ பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடை. நகக்கண்ணில் எந்நேரமும் கறுப்பு. வாய் நீளம், கோபமோ மூக்குக்கு மேலே. பள்ளிக்கூடத்தில் தங்கையின் பின்னலைப் பிடித்து இழுத்த ஒருவன் அன்றைக்கே முன்பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கடையில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைப்பாள். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பாள். அதுவும் அடி வாங்கிக்கொண்டு வேலை செய்யும்.

அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். கட்டிக் கொடுத்தது மட்டும் பெரியப்பா. மாப்பிள்ளை டயர்க்கடை வைத்திருந்தான். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுகிற கை. "உழைக்கிற கைம்மா" என்று பெரியப்பா அந்தக் கையைத்தான் புகழ்ந்தார்.

ஒருநாள் மதியம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், தங்கை கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். மைக்காரி சால்வையைப் பிடித்து இழுத்தாள். கழுத்து முழுக்கக் கன்றிப்போயிருந்தது.

"கோவத்துல தள்ளிவிட்டாருக்கா. கதவு இடிச்சிடுச்சு" என்றாள் தங்கை. குரல் கரகரவென்று வந்தது.

"எந்தக் கதவுடி கழுத்தைப் பாத்து இடிக்குது?"

அவளைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தாள். எடுத்த கையோடு டயர்க்கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் அவள் கையை முறுக்கி டயர் குவியல்மேல் தூக்கி எறிந்தான். விலா கன்றியதுதான் மிச்சம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்குங்கம்மா" என்றார்கள்.

அந்தக் குடும்பத்தில் பேசித் தீர்ப்பது என்றால் பெரியப்பா வீட்டுக் கூடம்தான். தங்கை புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா, அக்காவோடு இருப்பதா என்பதை அவர் சொல்ல வேண்டும். அவரோ ஆறப்போட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார். கோபம் ஆறட்டும் என்பது அவர் நியாயம். காயமும் சேர்ந்து ஆறிவிடும் என்பதை யார் அவருக்குச் சொல்வது! கூப்பிட்ட அன்று கழுத்தில் ஒன்றுமே இல்லை. படம் ஒன்றுதான் சாட்சி. மைக்காரி பதற்றத்தில் மலிவு மையை ஊற்றி, பழைய செட்டிங்கிலேயே அடித்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டயர்க்காரன் அதை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"பாருங்க பெரிய மாமா. கழுத்து ஊதா. பின்னால சுவரும் ஊதா. அப்போ சுவரையும் நான்தான் அடிச்சேனா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. பெரியப்பாவுக்குச் சிரிப்பில் வயிறு ஆடியது. தங்கை தலையைக் குனிந்துகொண்டு அவன் பின்னால் போனாள். அடுத்த வாரம் உதடு கிழிந்து வந்தாள். நாலு பேர் முன்னால் தன்னை நிறுத்தியதற்கு அவன் கொடுத்த கூலி அது.

மைக்காரி அன்றைக்குச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தாள். நிறம்தானே காட்டிக்கொடுத்தது? நிறமே வேண்டாம். கறுப்பு வெள்ளையில் போடுவோம், எந்தப் பயல் சிரிக்கிறான் பார்க்கலாம்!

அது வாயால் சொல்கிற மாதிரி சுலபம் இல்லை. வண்ண மைகளைக் கலந்து சாம்பல் நிறம் காட்டச் சொன்னால் பிரிண்டர் பச்சை காட்டியது. நல்ல மை வாங்கி, கறுப்பையும் இரண்டு சாம்பல் மைகளையும் மட்டும் ஓடவிட்டாள். வெள்ளையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக் கறுப்பில் முடிகிற கட்டங்களை ஒரு பட்டையாக அடித்தாள். கடைசிக் கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒரே கறுப்பாகக் கிடந்தன. அந்த இடத்தில் மையைக் குறைக்க வேண்டும். குறைத்து அடித்தால் காயவிட வேண்டும். ஈரத்தில் ஒரு கறுப்பு, காய்ந்தால் வேறு கறுப்பு. ஆத்திரத்தில், பேப்பர் வெளியே வரும்போதே ஹேர் டிரையரைப் பிடித்தாள். அது சுருண்டு, மை தெளிக்கிற பிரிண்டர் தலையில் உரசி, அடித்ததெல்லாம் கோடு கோடாகப் போயிற்று. அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி அடக்கியது அதுதான் முதல் தடவை.

அடிப்பாள், ஒருநாள் முழுக்கக் காயவிடுவாள், ட்யூப்லைட்டை நம்பாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள், திருத்துவாள். கடைசியில் கட்டங்கள் பிரிந்து நின்றன. அதே செட்டிங்கில் தங்கையின் படத்தைப் போட்டாள். காய்ந்ததும் தங்கையைக் கூப்பிட்டு ஜன்னலோரம் காட்டினாள்.

முந்திய பிரிண்டில் தாடைக்குக் கீழே வெறும் நிழல்தான் இருந்தது. இதில் அந்த நிழல் விலகியிருந்தது. கழுத்தின் ஒரு பக்கம் நாலு விரல் தடம். மறுபக்கம், தாடைக்கு அடியில், குரல்வளைமேல் கட்டைவிரல்.

தங்கை வெகுநேரம் பார்த்தாள். "இதை நான் எடுத்துக்கிறேன்க்கா" என்றாள். மைக்காரி கொடுத்தாள்.

அவன் அதைத் தலையணைக்கு அடியில் கண்டுபிடித்தான். கிழித்த துண்டுகளோடு கடைக்குள் நுழைந்தான்.

"மிச்சம் எங்க அண்ணி?"

"டேய், வெளிய போடா!"

தொங்கவிட்டிருந்ததையெல்லாம் பிடுங்கிக் கிழித்தான். கம்ப்யூட்டரைத் தரையில் போட்டு மிதித்தான். பிரிண்டரைத் தூக்கினான், அவள் மூடியைப் பிடித்துத் தொங்கினாள். அவன் மூடியை அறைந்து சாத்தினான். இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் அவன் முன்கையில் பல்லைப் பதித்து, இரத்தம் வந்த பிறகும் விடவில்லை. அவன் அவளை உதறிவிட்டு, பிரிண்டரைத் தெருவில் எறிந்தான். நடைபாதையெல்லாம் மை ஓடியது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் காய்ந்த பிரிண்ட்டுகளை வெற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து எடை ஏற்றி அழுத்துவது அவள் வழக்கம். அவன் கண்ணில் பட்டது மேலே இருந்த வெற்றுத்தாள்தான். ஒரு பிரிண்ட் தப்பியது.

மறுபடியும் பெரியப்பா வீட்டுக் கூடம். மைக்காரி கட்டுப்போட்ட கையோடு பிரிண்ட்டை நீட்டினாள். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படம் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போய் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டயர்க்காரன் தரையைப் பார்த்தான். மைக்காரி ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

"நல்லா தெளிவா வந்திருக்கும்மா" என்றார் பெரியப்பா. "சரி, கை வெச்சிருக்கான். இல்லேங்கல. எந்த வீட்டுல இல்ல? அதுக்காக வாழாம இருந்துட முடியுமா? கூட்டிட்டுப் போப்பா. இனிமே பாத்து நடந்துக்க."

மைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்தாளே, மடச்சி! எல்லாம் தெரிந்துதான் சிரித்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த ஸ்டூலை நல்ல கையால் தூக்கிவிட்டாள்.

"இரு அக்கா" என்று தங்கை எழுந்தாள். "கண்ணாடியில பாக்கும்போதெல்லாம் பவுடரை அப்பிக்கிட்டுத்தான் பாத்தேன். தள்ளிவிட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இந்தப் படத்துலதான் சரியாப் பாத்தேன். பெரியப்பா, இது அடி இல்ல. கொல்ல வந்த கை. நான் போகல."

"என்னடி சொன்ன?"

டயர்க்காரன் ஒரே எட்டில் வந்தான். நாலு விரல் அந்தப் பக்கம், கட்டைவிரல் இந்தப் பக்கம்; படத்தில் இருந்த அதே இடத்தில் கை போய் உட்கார்ந்தது. தங்கையின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. கூடத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டார்கள். பெரியப்பா அவசரமாக எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார், அக்கம்பக்கத்தில் கேட்டுவிடக் கூடாதே என்று.

மைக்காரி ஸ்டூலை அவன் முழங்கையில் இறக்கினாள். விடவில்லை. மறுபடியும் இறக்கினாள். எலும்பு விட்டது, கையும் விட்டது. அவன் தரையில் உருண்டு அலறினான்.

"ஐயோ, ஒரு ஆம்பளையைப் போய் இப்படி அடிச்சிட்டியே!" என்று பெரியப்பா தலையில் கைவைத்தார். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார்.

தங்கை இருமிக்கொண்டே வந்து அவர் முன்னால் நின்றாள். "தள்ளுங்க பெரியப்பா" என்றாள். அவர் தள்ளவில்லை. அவளே அவர் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள். படத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.