திங்கட்கிழமை முத்திரை

நான் ஒரு தேதியைத் திருடினேன். அதன் மேல் ஏறி நின்றுதான் முனைவர் ஆனேன்.

ஒரு நாள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். என்னைத் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. தருமபுரியில் என்னைத் 'தேதிக்காரர்' என்பார்கள். பென்னாகரத்துக்குப் புதிய பேருந்து ஓடத் தொடங்கிய கிழமை, சித்தேரி மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற நாள்கள், முதல் மழை... எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். யாருக்கும் தேவைப்படாத தேதிகளில்கூட நான் பிசகியதில்லை. பிசகியது ஒன்றே ஒன்று. அதுவும் பிசகு அல்ல!

1983. நான் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். என்னோடு பணியாற்றியவர் பிலோமினா. பென்னாகரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். இருவரும் ஒரே நாளில், ஒரே முற்பகலில் பணியில் சேர்ந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் தொடங்கியது.

இருவருக்கும் ஒரே ஆசை. வேலையை விடாமல், அஞ்சல் வழியாகவே, கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம். இப்போது வீட்டில் அமர்ந்து கணினித் திரையில் படிக்கிறார்களாம். அன்று ஒவ்வோர் அத்தியாயத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, சிவப்பு மைத் திருத்தங்களோடு அது திரும்பி வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கல்லூரி ஒருவருக்குத்தான் அனுமதி தரும். அவர் முடித்த பிறகுதான் அடுத்தவருக்கு. பணி மூப்பில் நாங்கள் சமம். ஆகவே யாருடைய விண்ணப்பம் முதலில் பதிவாகிறதோ, அவருக்கு.

எனக்கு ஓராண்டு முன்பே படிவம் வந்திருந்தது. அனுப்பினேனா? இல்லை. ஆய்வுச் சுருக்கத்தை நான்காம் முறையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு காற்புள்ளிக்காக ஒரு வாரம்! அப்படிப்பட்ட மனிதன் நான்.

ஆகஸ்டில் அலுவலக எழுத்தர் மகள் திருமணத்துக்காக விடுப்பில் போனார். "தபால் ரிஜிஸ்டர நம்ம தேதிக்காரரு பாத்துக்கட்டும்" என்றார் முதல்வர். வருகிற தாள்களில் தேதி முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றும் வேலை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மாலை பிலோமினா வேகமாக வந்து ஓர் உறையை நீட்டினார்.

"சார், இத வெச்சிக்குங்க. நாலரை பஸ்ஸ வுட்டா வூட்ல என்னைய உள்ளயே சேத்த மாட்டாங்க. முத்திரைய நீங்களே குத்திடுங்க."

"என்ன மேடம் இது?"

"எல்லாம் நம்ம பி.எச்டி.தாங்க சார். கைடு ஒத்துக்கிட்டாரு! நீங்க இன்னும் கமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

சிரித்துவிட்டு ஓடினார். கேலியில் நஞ்சு இல்லை. எனக்குத்தான் அது உள்ளே இறங்கியது.

அவர் போன பிறகு அறையில் யாரும் இல்லை. என் மேசை இழுப்பறையிலிருந்து என் படிவத்தை எடுத்தேன். நான்கு முறை திருத்தியதை மேலும் திருத்தாமலே கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை முத்திரையை அதன் மேல் குத்தினேன். அவருடைய உறையை இழுப்பறைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை முத்திரையின் சிறு சக்கரத்தை ஒரு பல் முன்னே திருப்பினேன். அந்த மெல்லிய சத்தம்... பிறகு அவருடையதைக் குத்தினேன்.

முத்திரை நேராக, மை பரவாமல் விழுந்தது. எப்போதும் போல.

இரண்டு வாரம் கழித்து முதல்வர் எங்களை அழைத்தார். பதிவேடு திறந்திருந்தது.

"சாரோடது திங்கக்கிழமை, உங்களோடது செவ்வாய்க்கிழமைம்மா. நான் என்ன பண்றது?"

"நானும் திங்கக்கிழமைதானுங்களே சார் குடுத்தேன்?"

"அட, தேதிக்காரரு தப்பாப் போடுவாரா? காலண்டர் தப்பாப் போனாலும் இவரு போகமாட்டாரும்மா!"

பிலோமினா என்னைப் பார்த்தார். ஒரு சொல் போதும். 'ஆம், திங்கட்கிழமைதான்.' அந்தச் சொல் என் வாயில்தான் இருந்தது. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையில் தட்டிக்கொண்டார். "சார் எழுதியிருந்தா சரியாத்தாங்க இருக்கும். எனக்குத்தான் வூட்டு வேலைல கெழமையே தெரிய மாட்டேங்குது."

சண்டை போட்டிருக்கலாமே... என் மேல் சந்தேகப்பட்டிருந்தால் நான் கள்வனாக மட்டும் இருந்திருப்பேன். அவர் தம் நினைவையே சந்தேகித்தார்.

ஐந்தாண்டுகள் ஆய்வு செய்தேன். தலைப்பு என்ன தெரியுமா? கல்லூரித் தலைமையில் நேர்மை! ஆசிரியர்களுக்கு வினாப்படிவம் கொடுத்தேன். 'உங்கள் நிறுவனத்தில் வாய்ப்புகள் நியாயமாக வழங்கப்படுகின்றனவா?' பிலோமினா 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டுத் தந்தார். அதை நான் அட்டவணையில் சேர்த்தேன். வாய்மொழித் தேர்வில் அந்த அட்டவணையைப் பாராட்டினார்கள்.

நான் முடிப்பதற்குள் அவரை ஏற்றுக்கொண்ட பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். வேறொருவர் கிடைக்கவில்லை. அடுத்த முதல்வராக முனைவர் பட்டம் பெற்றவரைத் தேடினார்கள். அங்கே ஒருவன்தான் இருந்தான்.

1989இல் கல்லூரி மலர் வெளியிட்டோம். கல்லூரி வரலாற்றை எழுத என்னை விட்டால் யார்? பிலோமினா என் அறைக்கு வந்தார். முன்பு அலுவலக மேசை முன் நின்றது போலல்ல; முதல்வர் முன் நிற்பது போல நின்றார்.

"சார், பட்டந்தான் வாங்கல. நானும் அப்ளிகேசன் போட்டேன்னு ஒரு வரி எழுதுவீங்களா? எம் புள்ளைங்களுக்குக் காட்டலாம்."

கடவுள் ஒருவர் இருந்தால், அவர் எனக்குத் தந்த இரண்டாவது திங்கட்கிழமை அது. பேனா என் கையில். பார்ப்பதற்கு யாரும் இல்லை. எழுதினேன்: 'அடுத்த நாள் திருமதி பிலோமினாவும் விண்ணப்பித்தார்.'

மலர் வந்ததும் அவர் ஓடி வந்தார். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

"நன்றிங்க சார். நாளு மொதக்கொண்டு கரெக்டாப் போட்டிருக்கீங்க."

பிலோமினா கத்தோலிக்கர். பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்கு ஒரு சாமியார் உண்டு. சொல்வதற்குப் பாவம்தான் அதிகம் இருந்திராது. எனக்கு அப்படி யாரும் இல்லை. உங்களிடம் சொல்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேருந்து மாறினால் அவர் வீடு. அந்த வழியின் நேரங்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என் நாட்குறிப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாளும் விட்டதில்லை. அந்தத் திங்கட்கிழமையின் பக்கம் மட்டும் வெற்றுத்தாள். இன்று காலையும் அதைத் திறந்தேன். பேனாவின் மூடியைக் கழற்றினேன்...

மூடிவிட்டேன்.