ஆறாம் பாகத்தில் வருகிற ஆள்

கோபம் தணிந்த பிறகு எழுது என்றாள் நகல் கடைக்காரி. தணிந்துவிட்டால் நான் நியாயமாக எழுதிவிடுவேன். எல்லார் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி இருப்பதாக, கழுவிவிட்ட முற்றம் மாதிரி சுத்தமாக எழுதிவிடுவேன். அது வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர். காரைக்குடியில் கல்லூரிக்குப் போகிற சாலையில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறவள் ஒருத்தி. பக்கத்து ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடொன்றைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். ஐம்பதை நெருங்கும் வயதில், உரைநடையா கவிதையா என்று எனக்கே பிடிபடாத எதையோ எழுதிக்கொண்டு, ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத நான். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு தொடர் நாவல். எங்கள் ஊரிலேயே நடக்கும் மாயக் கதை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் பழுது பார்க்கும் பெண்ணுக்கு, பூட்டிய வீடுகளுக்குள் பசியோடு கிடக்கும் காவல் உருவங்களின் குரல் கேட்கும். ஆள் புழங்காத வீட்டில் அவை மெலியும். மெலிந்தவை தெருவுக்கு வரும். அவ்வளவுதான் கதை. அந்த அவ்வளவில்தான் நாங்கள் ஐந்து பாகம் வாழ்ந்தோம்.

ஐந்தாம் பாகம், பூட்டிய வீடொன்றின் இரண்டாம் கட்டுக் கதவு அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொள்வதோடு முடிந்திருந்தது. மூன்று வருடம் அந்தக் கதவின் முன்னால் நின்றோம்.

"அவ செத்திருப்பா. எழுதுறவுகளுக்கு வேற என்ன தெரியும்?" என்பாள் நகல் கடைக்காரி, தாளை அடுக்கியபடி.

"வாய்ல நல்லதே வராதா ஒங்களுக்கு? வீடு அவளக் கொல்லாது. வீட்டப் பத்தி எனக்குத் தெரியும்," என்பார் காவல்காரர்.

"ஆமா, இவருகிட்ட வீடு தெனம் போன் பண்ணிச் சொல்லுது."

அவருக்கு உண்மையிலேயே தெரியும் என்றுதான் நான் நம்பினேன். முதல் பாகம் படித்ததிலிருந்து, தலைவாசலைத் திறக்கும் முன் கதவில் உள்ளங்கையை வைத்து, "நான்தான், பயப்படாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைப் போடுவார். விளையாட்டாகத் தொடங்கியது, பழக்கமாகிவிட்டது. அந்த வீட்டின் பின்கட்டில்தான் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் குடியிருக்கிறார். வேலை போனால் கூரையும் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் எழுத்தாளரே வந்தார். வீடு பார்க்க வேண்டும் என்றார். நான்தான் அவரைக் காவல்காரரிடம் கூட்டிப்போனேன். இவர் கோயம்புத்தூரில் இருக்கும் வீட்டுக்கார ஆச்சியிடம் போனில் அனுமதி கேட்டு, தலைவாசலைத் திறந்து, ஒரு முழுப் பகலும் சுற்றிக் காட்டினார். எழுத்தாளர் கிளம்பும்போது, "அடுத்த பாகத்துல நீங்க வருவீங்க" என்றார். அன்றிலிருந்து காவல்காரரின் நடையே மாறியது. பின்கட்டுக்குப் பால் கொண்டுவரும் ஆள்வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஒரு ரூல் உண்டு. மூன்று பேருக்கும் ஒரே பிரதி. நான் வேகமாகப் படிப்பேன் என்பதால் முதலில் நான், பிறகு அவள், கடைசியில் அவர். அவரவர் தோன்றுவதை ஓரத்தில் எழுதலாம். நான் பென்சில், அவள் சிவப்பு, அவர் நீலம். மூன்று பேரும் முடிக்கும்வரை யாரும் கதையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மூன்றாம் பாகத்தில் யார் சாகிறார்கள் என்று நகல் கடைக்காரி உளறி, அவர் ஒரு மாதம் கடைப் பக்கமே வராமல் இருந்தார். அதற்குப் பிறகு வந்த ரூல். அவருக்காக வந்த ரூல்.

ஆறாம் பாகம் வந்த அன்று இரண்டு பிரதிகள் வாங்கினோம். ஒன்று எங்களுக்கு. இன்னொன்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆச்சிக்குக் கூரியரில் அனுப்பினோம். முகவரியை நான்தான் எழுதினேன். காவல்காரர் அருகில் நின்று, "எழுத்தக் குண்டாப் போடுங்கக்கா, ஆச்சிக்குக் கண்ணு மங்கல்" என்றார்.

அன்று மாலைக்குள் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

அவர் வருகிறார். இடது காலை இழுத்து நடக்கும் நடையோடு, பச்சை நாடா கட்டிய சாவியோடு, வீட்டோடு பேசும் பழக்கத்தோடு. கதவில் உள்ளங்கையை வைத்து, "நான்தான், பயப்படாதீக" என்கிறார். காவல் உருவம் அந்தக் குரலை நம்பித் தூங்கிவிடுகிறது. தூங்கியதும் அறை அறையாகத் திறந்து, கதவையும் நிலையையும் கழற்றி வியாபாரிகளுக்கு விற்கிறார். திருடன். அதுவும் வீட்டின் நம்பிக்கையைத் தின்கிற திருடன்.

என் பென்சில் முறிந்தது. இந்த ஊர்க்காரர் யாராவது இப்படி எழுதுவார்களா? வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. காவலுக்கு இருப்பவரிடம் தலைவாசல் சாவி மட்டும்தான். அந்த வீட்டுப் பிள்ளையாய்ப் பிறந்து வளர்ந்தவனே அண்ணன் அறையைத் திறக்க முடியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஒரு பகல் முழுக்க அவர் கையால் மோர் வாங்கிக் குடித்த மனிதருக்கு அந்த ஒரு நிமிடம் இல்லை.

மறுநாள் காவல்காரர் கடைக்கு வந்தார். கையில் மூன்று டீ. புத்தகம் நகல் கடைக்காரியிடம் இருந்தது.

"ரூலு ரூலுதான், நான் ஒண்ணும் கேக்கல. நான் வர்றேனா? அத மட்டும் சொல்லுங்கக்கா."

நான் தலையாட்டினேன். வருகிறார்தானே. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அங்கேயே நின்று ஆச்சிக்குப் போன் போட்டார். "ஆச்சி, நான் வர்றேனாம். அக்கா படிச்சிட்டாக. எப்ப நேரம் கெடைக்குதோ படிங்க ஆச்சி."

டீயைக் குடித்தேன். அடுத்த நாளும் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை, அதே கடையில், ஆச்சியிடமிருந்து போன் வந்தது. நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நீதானப்பா படிக்கச் சொன்ன. மருமக படிச்சுக் காமிச்சா. நம்ம வீட்டுக் கதவக் கழட்டி விக்கிறவனால்ல வர்ற?"

"வெளாடாதீக ஆச்சி," என்று சிரித்தார்.

"வெளாடலப்பா. பங்காளிகளுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கெழம வர்றோம். ஒரு எட்டு பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

சிரிப்பு வாயில் அப்படியே இருக்க, அவர் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. நகல் இயந்திரத்தின் வெளிச்சம் போய் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

அன்று இரவு தொடரின் வாட்ஸப் ரசிகர் குழுவில் கொட்டித் தீர்த்தேன். இது உயிரோடிருக்கும் ஒரு மனிதன், திருடன் இல்லை என்றேன். அங்கே ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. செம வில்லன், இந்தத் தொடரிலேயே சிறந்த பாத்திரம், குரலைக் கேட்டதும் புல்லரித்தது. எனக்கு வந்த பதில்: "கதைய கதையா பாருங்க ஆன்ட்டி."

ஞாயிறு ஐந்து கார்களில் வந்தார்கள். அறைகளைத் திறக்க அவரவர் சாவியை அவரவர் பையிலிருந்து எடுத்தார்கள். எடுத்த அந்தக் கைகளுக்காவது உறைத்திருக்க வேண்டும், இந்தச் சாவி அவரிடம் இருந்ததே இல்லை என்று. உறைக்கவில்லை. நிலையைத் தட்டிப் பார்த்தார்கள். கீல்களில் விரலை ஓட்டினார்கள். அவர் வளவின் நடுவில், கூப்பிட்டால் ஓடுவதற்கு வாகாக நின்றார். பின்கட்டு வாசலில் அவர் பிள்ளைகள் நின்றன. நான் ஏன் போனேன்? சாட்சி சொல்ல. ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து நான்கு ரசிகர்கள். எப்படியோ வீட்டைக் கண்டுபிடித்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில்.

"அண்ணே, நீங்கதான அந்தத் திருட்டுக் காவக்காரரு? மாஸுண்ணே! அந்த 'நான்தான், பயப்படாதீக' ஒருவாட்டி சொல்லுங்கண்ணே!"

"வெளியே போங்கடா!" என்று கத்தினேன். தூணெல்லாம் திருப்பிக் கத்தின. ஆச்சிக்கு என் குரல்தான் அநாகரிகமாகப் பட்டது. அவர் வீட்டில், அவர் ஆளை, அவர் முன்னால் திருடன் என்கிறார்கள். ஆச்சி முகத்தைத் திருப்பி ஜன்னல் கம்பியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது ஆச்சி, "எல்லாம் வச்சது வச்சபடி இருக்குப்பா. நீ பாட்டுக்கு இரு," என்றார். பெரிய மனது. காவல்காரர் தலையசைத்தார். வேறென்ன செய்வார், கூரை அவர்களுடையது.

கார்கள் போன பிறகு நான் வாசலில் நின்று கொதித்தேன். எழுத்தாளரைச் சும்மா விடமாட்டேன், பதிப்பகத்துக்கு எழுதுவேன், குழுவில் ஒவ்வொருத்தனையும் கிழிப்பேன் என்றேன்.

"எழுதுங்க," என்றார். "அவுக வெளியூரு. ஒரு நாளு பாத்தாக, போனாக. என்னய அவுகளுக்கு என்ன தெரியும்? நீங்க தெரிஞ்சுக்கிட்டே தலைய ஆட்டுனீக. ரெண்டு நாளு என் கையால டீ வாங்கிக் குடிச்சீக."

ரூல் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார். திட்டியிருக்கலாம்.

"பஸ் வந்துரும், கெளம்புங்க," என்றார். அக்கா என்று சேர்க்கவில்லை.