ரேகை தேடிய இரண்டு வாரம்

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்பு மூட்டைகளைப் பிரித்து, கறை பார்த்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். இருபத்துமூன்று வருடமாக இதே பாடு. கூட வேலை செய்பவர்கள் அவளை மேஸ்திரி என்பார்கள். பதவி ஒன்றும் கிடையாது, குரல் அப்படி.

ஒருநாள் மதிய இடைவேளையில் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு பாலைவன தேசத்தைக் காட்டினார்கள். ஒரு பெண் துணியை உதறிக் கயிற்றில் போட்டாள். அவள் பேட்டி கொடுத்து முடிப்பதற்குள் அது காய்ந்துவிட்டது. மேஸ்திரி மென்றதை விழுங்க மறந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "நாம அங்க போறோம்," என்றாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சிரித்துவிட்டுத்தான் கேட்பார். "கல்யாணமாகி இதுவரைக்கும் எங்கயும் சுத்திப் பாக்கப் போனதில்ல. முதல் தடவையா போக உனக்கு மணல்தான் கெடைச்சுதா?"

"ஈரத்தைப் பாத்து அலுத்துப்போச்சுங்க. எட்டு நாள் காஞ்ச இடத்துல இருந்துட்டு வரணும்."

நூலகத்திலிருந்து புத்தகம் வந்தது. சமையலறைச் சுவரில் வரைபடம் ஏறியது. "தேள் இருக்குமாம்," என்றார் அவர். "உங்க லிஃப்ட் குழியில இல்லாத தேளா?" என்று அவள் வாயை அடைத்தாள். ராத்திரியில் குளிர் நடுக்கும் என்று படித்து இரண்டு ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று.

விசா அலுவலகத்தில்தான் காரியம் கெட்டது. கைரேகை இயந்திரத்தின் கண்ணாடியில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தாள், அழுத்தி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, உங்க விரல்ல ரேகையே இல்லையே. தேஞ்சுபோச்சு. என்ன வேலை பாக்கறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊரையே அதட்டும் மேஸ்திரிக்குக் குரல் எழும்பவில்லை. "துணி தொவைக்கறேம்மா," என்றாள்.

"ரெண்டு வாரம் தண்ணி படாம இருந்துட்டு வாங்க. வளந்தாலும் வளரும்."

தோல் டாக்டர் களிம்பும் பருத்திக் கையுறையும் கொடுத்தார். மறுநாள் அவள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். "ரெண்டு வாரம் என்னை துணி மடிக்கிற பக்கம் போடுங்க சார்." இதுவரை எதுவுமே கேட்காதவள் என்பதால் அவர் மறுக்கவில்லை. வீட்டில் பாத்திரம், துணி, தரை எல்லாம் கணவர் தலையில் விழுந்தது. முதல் மூன்று நாள் பாட்டுப் பாடிக்கொண்டு கழுவினார். ஆறாம் நாள் பாட்டு நின்றது.

"இங்க பாரு, வெடிச்சிருச்சு," என்று கையை நீட்டியவர், அவளுடைய கையுறையைப் பார்த்ததும் சட்டென்று கையை மடக்கிக்கொண்டார். அப்புறம் களிம்பை எடுத்து அவள் விரல் ஒவ்வொன்றுக்கும் தானே தடவிவிட்டார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடவை எட்டு விரல்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கட்டை விரல்கள் இரண்டும் மசியவில்லை. அந்தப் பெண் உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிவந்தாள். ரேகை தேய்ந்தது சலவை வேலையால்தான் என்று மருத்துவமனை கொடுத்திருந்த கடிதத்தை அவர் படித்து, குறிப்பு எழுதி, "இது போதும்," என்றார்.

புதன்கிழமை விசா வந்தது. "இனி பழைய எடத்துக்குப் போயிடறியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "இல்ல சார், இங்கயே இருக்கேன்," என்றாள். குரல் பழையபடி கூடம் முழுக்கக் கேட்டது. யாருக்கு எங்கே வேலை என்று எழுதும் பலகையில் அவர் அவள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்.

பயணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. தங்குமிடம், வண்டி, தொப்பி எல்லாம் முடிவாகிவிட்டது. ஒட்டகத்தில் ஏறுவதா வேண்டாமா என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.